பூச்சி மருந்துக்குப் பழகுகிறதா?
இயற்கைத் தேர்வுக்கு வீட்டுச் சுவரும் பருத்தி வயலும் தரும் சான்று

இயற்கைத் தேர்வு பற்றிய தம் பெருநூலைச் சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியிட்டார். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1959-இல், அப்போது பம்பாய் மாநிலத்தைச் சார்ந்திருந்ததும் மறு ஆண்டு முதல் குஜராத்தில் அடங்கியதுமான பஞ்சமஹால் மாவட்டத்தில், அனாபிலிஸ் கூலிசிபேசிஸ் என்னும் கொசு டி.டி.டி. மருந்துக்கு இறவாமல் தப்புவது கண்டறியப்பட்டது. நம் நாட்டுக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்புவதில் பெரும்பங்கு கொண்ட கொசு இதுவேயாகும்.

டார்வின் தம் வாழ்நாளில் இயற்கைத் தேர்வு நிகழ்வதை நேரில் கண்டதில்லை. அது மிக மெதுவாக நடப்பது என்றும், நெடுங்காலம் கழிந்த பின்னரே அதன் விளைவு புலப்படும் என்றும் அவர் கருதினார். ஆதலின் அவர் தம் நூலைப் புறா வளர்ப்போரும் கால்நடை வளர்ப்போரும் கையாளும் தேர்விலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமோ 1953-இல் தொடங்கியது. அவர் காணாததை ஆறே ஆண்டுகளில், மருந்துப் பம்பைத் தோளில் சுமந்து குடிசை குடிசையாகச் சென்றவர்களின் பணியே வெளிக்கொணர்ந்துவிட்டது.

பரிணாமம் என்றதும் பாறையில் புதைந்த எலும்புகளும், பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட விலங்குகளும் நம் ஆசிரியர்களின் நினைவுக்கு வருகின்றன. கள ஊழியர்களோ அதனைப் பள்ளிப் பாடம் என்று கருதி ஒதுக்கிவிடுகின்றனர். ஆயினும், ஒரு பூச்சி மருந்து ஏன் பலனற்றுப் போகிறது, போன பின் என்ன செய்வது என்ற வினா எழும்போது, அதற்கு விடை தருவது அந்தப் பள்ளிப் பாடமே. விடையைத் தவறாகப் புரிந்துகொண்டால் அதன் நட்டத்தை அடைபவர் விவசாயியும் நோயாளியுமே ஆவர்.

ஒரு சொல்லால் நேர்ந்த பிழை

இக்கட்டுரையை எழுதுபவன் விஞ்ஞானி அல்லன். விஞ்ஞானிகள் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழில் தருவதே என் தொழில். முன்னொரு சமயம் பருத்திப் பூச்சிகளைப் பற்றிய துண்டு வெளியீடு ஒன்றைத் தமிழாக்கியபோது, "பூச்சிகள் நாளடைவில் மருந்துக்குப் பழகி எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்கின்றன" என்று எழுதினேன். கிராமங்களில் யாவரும் சொல்வது அதுதானே! "மருந்து பூச்சிக்குப் பழகிவிட்டது, இன்னும் கொஞ்சம் கூட்டி அடிக்க வேண்டும்" என்னும் பேச்சைக் கேளாத வேளாண்மை ஊழியர் இருக்க முடியாது. வாக்கியம் சரளமாக அமைந்துவிட்டது என்று நான் மகிழ்ந்ததும் உண்டு. வெளியீடு அச்சாகிச் சென்ற பின்னர், அதனைப் படித்த பூச்சியியல் அறிஞர் ஒருவர் அவ்வாக்கியத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வினாவை எழுதித் திருப்பியனுப்பினார்: "எந்தப் பூச்சி பழகியது?"

அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. பழகுதல் என்ற சொல் ஓர் உயிரின் வாழ்நாளுக்குள் நடப்பதைக் குறிக்கும். முதன்முதலில் புகையிலை போடுகிறவனுக்குத் தலை சுற்றும். சில நாளில் பழகிவிடும். ஆயின் அவனுக்குப் பிறக்கும் மகன் புகையிலைக்குப் பழகியவனாகப் பிறப்பதில்லை. கொசுவிடம் நாம் காண்பது இதற்கு நேர்மாறானது. மருந்து பட்டுச் சாகவேண்டிய கொசு செத்துப் போகிறது. அது பழகுவதற்கு நாளும் இல்லை, ஆயுளும் இல்லை. பிழைத்த கொசுவின் குஞ்சுகளோ, மருந்தை ஒருமுறையும் தொடாமலே, பிறவியிலேயே அம்மருந்தைத் தாங்கும் ஆற்றலுடன் தோன்றுகின்றன. 'எதிர்ப்பு' என்ற சொல்லும் ஒருவகையில் குற்றமுடையதே. பூச்சி ஏதோ முயன்று எதிர்த்து நிற்பதுபோன்ற தோற்றத்தை அது தருகிறது. வேறு நல்ல சொல் கிடைக்காமையால் அதனையே இங்கும் வழங்குகிறேன்.

மருந்தின் வரலாறு

இது டி.டி.டி.யுடன் தொடங்கிய செய்தியன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்களைப் பாழ்படுத்திய சான் ஹோசே செதில் பூச்சிக்குச் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைத் தெளித்துவந்தனர். சில தோட்டங்களில் மட்டும் அது பலனளிக்கவில்லை. அங்குப் பணிபுரிந்த மெலாண்டர் என்னும் பூச்சியியல் அறிஞர், பூச்சிகள் தெளிப்பு மருந்துக்கு எதிர்ப்புப் பெற முடியுமா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு 1914-இல் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதனை அந்நாளில் பெரிதாகக் கொண்டவர் சிலரே.

டி.டி.டி.க்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதை சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் முல்லர் 1939-இல் கண்டறிந்தார். அதற்காக 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். பரிசு கைக்கு வருமுன்பே, சுவீடனிலும் இத்தாலியிலும் வீட்டு ஈக்கள் அம்மருந்துக்கு மசியாமல் இருப்பது தெரிந்துவிட்டது. நம் நாட்டில் 1952-இல் தில்லிக்கு அருகே கியூலெக்ஸ் கொசுக்களிடமும், 1956-இல் வெளியான குறிப்பின்படி ஈரோடு நகரில் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவின் புழுக்களிடமும் அதே நிலை காணப்பட்டது. பஞ்சமஹால் செய்தி இவற்றிற்குப் பின்னர் வந்ததாகும்.

1953-இல் இந்தியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7½ கோடி பேர் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர் என்றும், 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டுத் திட்டம் 1958-இல் ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. 1961-இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் சுமார் 50,000 பேரே. உலகம் வியந்த சாதனை இது. ஆனால் 1976-இல் அத்தொகை 64 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவ்வீழ்ச்சிக்குக் கொசுவின் எதிர்ப்பாற்றல் மட்டும் காரணமன்று. மருந்துத் தட்டுப்பாடு, மேற்பார்வைக் குறைவு, நோய் அருகிய இடங்களில் விழிப்புத் தளர்ந்தமை ஆகிய பலவும் சேர்ந்தே இதனை விளைவித்தன. எனினும் எதிர்ப்பாற்றல் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

முன்பே இருந்ததா, பின்பு வந்ததா?

இனி அவ்வறிஞரின் வினாவுக்கு வருவோம். இரண்டு விளக்கங்கள் கூறலாம். மருந்து பட்டதனால் பூச்சியின் உடலில் மாறுதல் உண்டாகி, அது சந்ததிக்கும் செல்கிறது என்பது ஒன்று. மருந்து வருமுன்பே ஆயிரத்திலோ லட்சத்திலோ ஒரு பூச்சியிடம் அம்மாறுதல் தற்செயலாக இருந்தது. மருந்து மற்றவற்றை அகற்றி இதற்கு இடம் விட்டுக் கொடுத்தது என்பது மற்றொன்று. பின்னதே இயற்கைத் தேர்வு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே பயனைத் தருவதால், வயலில் நின்று பார்ப்பவர்க்கு இவற்றைப் பிரித்தறிதல் அரிது. பிரித்தறியச் சோதனைச்சாலையில் ஒரு சூழ்ச்சி தேவைப்பட்டது.

அச்சூழ்ச்சியை 1952-இல் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் என்னும் தம்பதியர் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது பூச்சியன்று, பாக்டீரியா. ஆயினும் வினா அதுவே. உணவுக் கூழ் பரப்பிய வட்டத் தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்தனர். ஒரு மரக்கட்டையின் முகத்தில் வெல்வெட் துணியைக் கட்டி, அலுவலகத்தில் நாம் முத்திரை குத்துவதுபோல, அத்தட்டின்மேல் ஒற்றி எடுத்தனர். துணியின் இழைகளில் பாக்டீரியாக்கள் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. அதே துணியை, ஸ்டிரெப்டோமைசின் கலந்த புதிய தட்டுகளின்மேல் ஒற்றினர். மருந்துத் தட்டில் பெரும்பாலானவை வளரவில்லை. ஓரிரண்டு இடங்களில் மட்டும் வளர்ந்தன.

ஒரே துணியால் ஒற்றிய தட்டுகள் எல்லாவற்றிலும் அவை ஒரே இடத்தில் வளர்ந்தன என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது. மருந்து பட்ட பின் மாறுதல் உண்டாவதாயின், ஒரு தட்டில் இங்கும் மற்றொன்றில் அங்குமாக வளர்ந்திருக்கவேண்டும். லெடர்பர்க் தம்பதியர் இதனோடு நில்லாமல், மருந்தே படாத முதல் தட்டிற்குத் திரும்பி, அதே இடத்திலிருந்த பாக்டீரியாவை எடுத்து, மீண்டும் மீண்டும் இவ்வாறே பிரித்து, இறுதியில் முழுதும் எதிர்ப்புடைய இனத்தையே பெற்றனர். அவ்வினத்தின் மூதாதையருள் ஒன்றேனும் மருந்தைக் கண்டதில்லை.

பாக்டீரியாவுக்குப் பொருந்துவது பூச்சிக்கும் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. 1960-இல் பென்னட் என்பவர் பழ ஈக்களைக் கொண்டு இதனைச் சோதித்தார். ஒரு தாய் தந்தையின் ஈக்களை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு டி.டி.டி. கொடுத்து, மற்றதை மருந்து படாமல் தனியே வைத்தார். எந்தக் குடும்பத்தில் மருந்து பெற்ற ஈக்கள் அதிகம் பிழைத்தனவோ, அக்குடும்பத்தில் மருந்து பெறாத உடன்பிறப்புகளை மட்டும் இனப்பெருக்கத்திற்கு விட்டார். தலைமுறை தலைமுறையாக இங்ஙனம் செய்ய, மருந்தின் வாடையே அறியாத பரம்பரையில் மருந்தைத் தாங்கும் ஈக்கள் உருவாயின. இங்கு மருந்து எதனையும் கற்பிக்கவில்லை, மாற்றவுமில்லை. எந்தக் குடும்பத்தில் அக்குணம் முன்னரே இருந்தது என்று காட்டிக்கொடுத்ததே அது செய்த வேலை.

எந்தப் பூச்சியும் பழகவில்லை. பழகாதவை மாண்டன, பழகத் தேவையற்றவை பெருகின. என் வாக்கியத்தின் பிழை இதுதான்.

ஆறாம் சுற்றில் திடீரென்று

களப்பணியில் உள்ளோர்க்கு இதனைக் கணக்காகக் காட்டுவது பயன்தரும். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. எந்த ஊரிலும் எடுத்த கணக்கன்று. 10,000 சாதாரணக் கொசுக்களுக்கு ஒன்று எதிர்ப்புடையது என்க. ஒரு சுற்று மருந்து தெளிப்பில் சாதாரணக் கொசுக்களில் 100-க்கு 90 இறக்கின்றன, எதிர்ப்புடையது இறப்பதில்லை. பிழைத்தவை பெருகிப் பழைய தொகையை அடைகின்றன. அப்போது விகிதம் 10,000-க்கு 1 என்பதிலிருந்து 1,000-க்கு 1 ஆகும். அடுத்த சுற்றில் 100-க்கு 1; அடுத்ததில் 10-க்கு 1; நான்காம் சுற்று முடிந்ததும் சரிபாதி.

தெளிப்புப் பணியாளரின் கண்ணுக்குத் தெரிவது என்ன? முதற் சுற்றில் 100-க்கு 90 கொசுக்கள் மடிகின்றன. இரண்டாவதிலும் ஏறத்தாழ 90, மூன்றாவதில் 89, நான்காவதில் 82. இதுவரை மாவட்ட அலுவலகத்திற்குச் செல்லும் அறிக்கைகளில் குறை சொல்ல ஏதுமில்லை. ஐந்தாம் சுற்றில் 45 ஆகிறது. ஆறாவதில் 8 ஆகிவிடுகிறது. நெடுநாள் கண்ணுக்குப் படாமல் நடந்துவந்த ஒன்று, திடீரென நேர்ந்த விபத்துப் போலத் தோற்றமளிக்கிறது.

இந்நிலையில் பழி யார்மீது விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தெளிப்பாளர் மருந்தில் தண்ணீரைக் கூட்டிவிட்டார், பாதி வீடுகளை விட்டுவிட்டார், மருந்தை விற்றுவிட்டார் என்ற பேச்சு எழும். சிலவிடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நேர்மையாக உழைத்த ஊழியரும் இதே விளைவைத்தான் காண்பார். சொல்லப்போனால், ஒரு வீடும் விடாமல் நன்றாகத் தெளித்தவரே இதனை மற்றவரினும் விரைவில் காண்பார்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே நடத்திக் காட்டலாம். பச்சை நிறத் துணியொன்றை விரித்து, அதில் 90 வெள்ளைக் காராமணி விதைகளையும் 10 பச்சைப் பயறுகளையும் தூவுக. ஒரு மாணவன் கண்ணுக்குப் பட்டதைப்பட்டபடி விரைந்து 50 விதைகளைப் பொறுக்கட்டும். எஞ்சியவற்றை நிறவாரியாக எண்ணி, ஒவ்வொன்றையும் இரட்டித்து மீண்டும் தூவுக. இவ்வாறு நான்கைந்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவருக. முடிவில், துணிக்கு ஏற்பப் பச்சையாக மாறிய விதை எது என்று மாணவரைக் கேட்கலாம். "பொறுக்கியவன் பச்சைப் பயறு வேண்டுமென்று விட்டுவைத்தானா?" என்றும் கேட்கலாம். இவ்விரண்டுக்கும் மாணவர் தரும் விடையிலேயே பாடத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

நரம்பின் வாயில்

அந்த மாறுதல் உடலில் எங்கே இருக்கிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் அயனிகள் உள்ளே நுழையவேண்டும். அவை நுழைவதற்குப் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உள. அவை திறந்து உடனே மூடிக்கொள்ளும். டி.டி.டி. அவ்வாயிலில் சிக்கி அதனை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது. பூச்சி நடுங்கி விழுந்து சாகிறது. வாயிலாகிய அப்புரதம் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்தமைந்த நீண்ட சங்கிலி. அதில் 1014-ஆம் இடத்தில் லியூசின் இருப்பது வழக்கம். அவ்வொரே இடத்தில் லியூசினுக்குப் பதில் பினைல் அலனின் அமைந்தால், மருந்து வாயிலை முன்போல் பற்றுவதில்லை. வீட்டு ஈயில் இம்மாறுதல் 1996-இல் கண்டறியப்பட்டது. பிறகு உலகின் பல பகுதிகளில், பலவகைக் கொசுக்களிலும் அதே 1014-ஆம் இடத்தில் மாறுதல் காணப்பட்டது. ஒரிசாவில் பிடிக்கப்பட்ட அனாபிலிஸ் கூலிசிபேசிஸ் கொசுக்களிலும் அது உண்டென்று 2010-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

ஒன்றோடொன்று கலவாத இனங்கள், வெவ்வேறு கண்டங்களில், ஒரே மருந்துக்கு ஒரே இடத்தில் மாறியிருத்தலைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. எழுத்து தவறுவது தற்செயலே. தவறிய எழுத்துகளுள் எது நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது மருந்து. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, "பரிணாமம் என்பது வெறும் தற்செயல்" என்று சொல்வோர் படித்தவரிடையேயும் உளர்.

இதில் நடைமுறைக்குரிய செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. கொசு வலைகளில் ஏற்றப்படும் பைரித்ராய்டு மருந்துகளும் தாக்குவது இதே வாயிலைத்தான். ஆகவே டி.டி.டி.யால் தேர்ந்தெடுக்கப்பட்ட கொசுவின் வழித்தோன்றல், தான் கண்டறியாத பைரித்ராய்டையும் ஓரளவு தாங்கக்கூடும். மருந்தின் பெயரும் உறையும் மாறினால் மருந்தே மாறிவிட்டதாகக் கொள்ளலாகாது. அது தாக்கும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

தாங்கும் ஆற்றலுக்கு ஒரு விலை

எதிர்ப்பாற்றல் அவ்வளவு நல்லதாயின், மருந்து வருவதற்கு முன்பே எல்லாக் கொசுக்களும் ஏன் அதனைப் பெற்றிருக்கவில்லை? பிரான்சின் தென்கரையில், மாண்ட்பெல்லியே நகரைச் சூழ்ந்த பகுதியில் நடந்த நீண்டகால ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. அங்குக் கடலோரப் பட்டையில் மட்டும் 1960-களின் இறுதி முதல் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளைக் கொசுக்களுக்குத் தெளித்துவந்தனர். உள்நாட்டுப் பகுதியில் தெளிக்கவில்லை. கடற்கரையிலிருந்து உள்நோக்கிச் சென்று ஊர்தோறும் கியூலெக்ஸ் கொசுக்களைப் பிடித்துப் பார்த்தபோது, எதிர்ப்பு தரும் ஜீன்கள் கரையில் மிகுந்தும் உள்ளே செல்லச் செல்லக் குறைந்தும் இருந்தன. குளிர்காலத்தில் குகைகளில் ஒடுங்கிக் கிடக்கும் கொசுக்களிடையே அவை மேலும் குறைந்தன. மருந்தில்லாத இடத்தில், குளிரைக் கடக்கவேண்டிய வேளையில், அந்த ஜீன் சுமையாகிவிடுகிறது. மருந்துள்ள இடத்தில் கேடயம். இல்லாத இடத்தில் பளு.

"சிறந்தது பிழைக்கும்" என்ற மொழியை நாம் பலகாலும் கேட்கிறோம். எதற்குச் சிறந்தது, எந்த இடத்தில் சிறந்தது என்று சேர்த்துக் கேளாவிடின் அம்மொழிக்குப் பொருளில்லை.

எல்லா எதிர்ப்புக்கும் விலை இதே அளவில் இருக்கும் என்று கொள்ளலாகாது. சில ஜீன்கள் மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் நீடிக்கின்றன. மாண்ட்பெல்லியேயிலும், அதிகச் சுமை தந்த பழைய ஜீனின் இடத்தைக் குறைந்த சுமை தரும் புதியதொன்று மெல்லமெல்லப் பிடித்துக்கொண்டது.

பருத்தி வயலில்

கொசுவை விட்டு நம் வேளாண்மை ஊழியர்கள் நன்கறிந்த பருத்திக்கு வருவோம். பாக்டீரியாவிலிருந்து எடுத்த நச்சுப் புரத ஜீனைக் கொண்ட பி.டி. பருத்தி 2002-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. இரு நச்சுப் புரதங்கள் கொண்ட வகை 2006-இல் வந்தது. இங்கு மருந்து தெளிக்கப்படுவதில்லை, செடியே மருந்தாகிறது. ஆதலின் புழுவின்மேல் தேர்வு ஒரு நாளும் ஓய்வதில்லை.

இதனை முன்னறிந்தே, பி.டி. விதையுடன் சாதாரணப் பருத்தி விதையையும் நடவேண்டுமென்று விதிக்கப்பட்டது. வயலைச் சுற்றி ஐந்து வரிசைகளோ, மொத்தப் பரப்பில் 100-க்கு 20 பங்கோ, எது அதிகமோ அது. 450 கிராம் பி.டி. விதைக்கு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. அப்பகுதிக்குப் புகலிடப் பயிர் என்று பெயர். எதிர்ப்பில்லாத அந்துப்பூச்சிகள் அங்கே பெருகும். பி.டி. பயிரில் தப்பிவரும் அரிய அந்துப்பூச்சி தன்னையொத்த இன்னொன்றைக் காணுமுன் இவற்றோடு கூடிவிடும். அதன் குஞ்சுகள் தாய் தந்தையருள் ஒன்றிடமிருந்து மட்டுமே எதிர்ப்பு ஜீனைப் பெறுவதால், பி.டி. செடியைத் தின்றதும் இறந்துபோகும். புழுவைப் புழுவைக்கொண்டே தடுக்கும் வழி இது.

நடந்தது யாது? 120 கிராம் பொட்டலம் பல வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடந்தது. புழுவுக்கென்று நிலத்தை ஒதுக்கவேண்டுமென்றால் எந்த விவசாயி இசைவார்? அதன் காரணத்தை அவருக்கு விளங்கும் மொழியில் நாமும் சொல்லவில்லை. "பூச்சி பழகிவிடும்" என்று எழுதிய துண்டு வெளியீட்டைப் படித்தவர், புகலிடம் எதற்கென்று எப்படி ஊகிப்பார்? பழகுவதுதான் சங்கதி என்றால், சாதாரணச் செடியை நட்டு ஆகப்போவது ஒன்றுமில்லையே! ஒரு சொல்லின் பிழை வயல்வரை வந்துவிட்டதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமே.

குஜராத்தின் அம்ரேலி முதலிய மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல்வகைப் பி.டி. பருத்தியைத் தின்று பிழைப்பது 2010-இல் உறுதியாயிற்று. பின்னர் இரண்டாம் வகையும் அதனைத் தடுக்க இயலாமற்போயிற்று. அதே புழு, அதே நச்சுப் புரதம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1996 முதல் இருந்தன. அங்கே புகலிடப் பயிர் ஒழுங்காக நடப்பட்டது. பத்தாண்டுகள் சென்றும் எதிர்ப்பு பெருகவில்லை. பிறகு மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, பிற வழிகளையும் சேர்த்துக் கையாண்டு, அந்நாட்டுப் பருத்திப் பகுதிகளிலிருந்து அப்புழு ஒழிந்துவிட்டதாக 2018-இல் அறிவித்தனர். அங்குள்ள பண்ணைகளின் பரப்பும் நம் சிறு விவசாயியின் நிலையும் வேறு என்பதை மறந்து இரண்டையும் ஒப்பிடலாகாதுதான். ஆயினும் கணக்கு இரு நாட்டிற்கும் ஒன்றே.

களைகளும் இதற்கு விலக்கல்ல. ஹரியானாவில் நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் வயல்களில், ஐசோபுரோட்டுரான் என்னும் ஒரே களைக்கொல்லியைப் பல ஆண்டுகள் இட்டுவந்ததில், பலாரிஸ் மைனர் என்னும் புல் அதற்கு மடியாதது 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. வேறு களைக்கொல்லியைத் தேடவேண்டியதாயிற்று.

இது எதற்குச் சான்று, எதற்கு அன்று

"எல்லாம் சரி, ஆனால் கொசு கொசுவாகத்தானே இருக்கிறது?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டால், ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ளக் கூடாது. அது நல்ல வினா. மருந்தெதிர்ப்பு காட்டுவது இயற்கைத் தேர்வு என்னும் வழிமுறை மெய்யாகவே இயங்குகிறது என்பதை. பிறவியில் வேறுபாடு உண்டு. அது சந்ததிக்குச் செல்கிறது. சூழ்நிலை அதில் சிலவற்றைப் பெருக்குகிறது. இம்மூன்றும் ஐயத்திற்கிடமின்றி இங்கே நிறுவப்படுகின்றன. ஓர் இனத்திலிருந்து மிக வேறான இனங்கள் தோன்றின என்பதற்கு இதுவே போதிய சான்று என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சான்றுகள் வேறு இடத்தில் உள.

அவற்றுள் சிறந்தவை சில நம் நாட்டு மண்ணிலேயே கிடைத்தவை. கட்ச் பகுதியின் பாறைகளில் திமிங்கிலத்தின் பண்டைய உறவினங்கள் கால்களோடு காணப்படுகின்றன. காஷ்மீரத்தைச் சார்ந்த காலாகோட்டில் ரங்கராவ் என்னும் நிலவியல் அறிஞர் திரட்டிய எலும்புகளிலிருந்து அறியப்பட்ட இந்தோஹியஸ் என்பது, மான் போன்ற சிறு குளம்பு விலங்கு. அதன் காதெலும்பில், திமிங்கிலங்களுக்கே உரியதென்று கருதப்பட்ட தடிப்பு இருப்பது 2007-இல் வெளியாயிற்று. கொசு காட்டுவது வழிமுறையை. எலும்பு காட்டுவது அவ்வழியே நடந்துவந்த தூரத்தை. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுவிவிட்டதாகச் சொல்வது மாணவனை ஏமாற்றுவதாகும். இந்தோஹியஸைப் பற்றித் தனியே எழுதவேண்டும், இங்கு இடமில்லை.

அறிக்கையில் எழுதவேண்டியது

மருந்து பலிக்கவில்லை என்ற புகார் வந்ததும், அது தெளிப்பின் குறையா, கொசுவின் குணமா என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எளிய சோதனை இதற்கென்றே உள்ளது. குழாயொன்றுக்கு 20 முதல் 25 வரை பெண் கொசுக்களை எடுத்து, குறிப்பிட்ட அளவு மருந்தூட்டிய தாளைச் சுற்றிய குழாய்களில் ஒரு மணி நேரம் அடைத்துவைக்க வேண்டும். டி.டி.டி.க்கு அவ்வளவு 100-க்கு 4 ஆகும். பிறகு மருந்தில்லாத குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சை வைத்து, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ண வேண்டும். மருந்தில்லாத வெறும் எண்ணெய்த் தாளுள்ள குழாய்களையும் உடன் வைப்பது அவசியம். அவற்றில் 100-க்கு 20-க்கு மேல் இறந்தால், கொசுக்கள் பிடித்த முறையிலோ வைத்த இடத்திலோ கோளாறு என்று கொண்டு, சோதனையைத் தள்ளிவிட்டு மறுபடி செய்தல் வேண்டும்.

மருந்துக் குழாய்களில் 100-க்கு 98 அல்லது அதற்கு மேல் இறந்தால் கொசுவிடம் குறையில்லை; தெளித்த முறையை ஆராய்க. 90-க்குக் கீழ் இறந்தால் எதிர்ப்பு உறுதி. இடைப்பட்டதாயின் மறுபடியும் சோதிக்க. எதிர்ப்புடைய வகை பெருகிவிட்ட ஊரில் அதே மருந்தைக் கூட்டித் தெளிப்பது, எஞ்சியிருக்கும் சாதாரணக் கொசுக்களையும் கொன்று, மற்றதற்கு முழு இடத்தையும் ஒழித்துக் கொடுப்பதேயாகும். நரம்பில் வேறோர் இடத்தைத் தாக்கும் மருந்துக்கு மாறுதல், தேங்குநீரை அகற்றிப் புழுவையே ஒழித்தல், குளங்களில் மீன் விடுதல் ஆகியவற்றுள் எது அவ்வூருக்கு ஏற்றது என்பது வேறு ஆலோசனை.

அறிக்கைப் படிவத்தில் "மருந்து பழகிவிட்டது" என்ற வாக்கியம் இனி வேண்டியதில்லை. கொசுவின் இனம், பிடித்த ஊர், தேதி, தாளிலுள்ள மருந்தும் அளவும், சோதித்தவை எத்தனை, 24 மணி நேரத்தில் இறந்தவை எத்தனை, வெறுந்தாள் குழாயில் இறந்தவை எத்தனை என்பவற்றை எண்ணால் எழுதுக. உயிருடன் எஞ்சியவற்றையும் இறந்தவற்றையும் தனித்தனிக் குப்பிகளில் இட்டுச் சீட்டு ஒட்டி, இரண்டையும் சோதனைச்சாலைக்கு அனுப்புக.